அறை தாண்டாத கமரா

8 பெப்ரவரி 2009, ஞாயிறு

இந்தக் கொப்பி யார் கையில் அகப்பட்டாலும், அல்லாஹ்வுக்காக, இதோடு மூடி வைத்துவிடுங்கள். மூட மனம் வராவிட்டால் தனியாக வாசியுங்கள், ஒருவருக்கும் காட்டாதீர்கள். வாப்பாவுக்குக் காட்டினால் அவர் தலை குனிந்துகொள்வார். உம்மாவுக்குக் காட்டினால் அவ எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவா. கல்யாண வீட்டுக்காரர் யாராவது கண்டால் எங்கள் ஸ்டூடியோவை நாளைக்கே பூட்ட வேண்டியதுதான்.

விஞ்ஞானக் கொப்பியின் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி எழுதுகிறேன். முன்பக்கத்திலிருந்து குருதிச் சுற்றோட்டம் வந்துகொண்டிருக்கிறது. எங்கேயோ நடுவில் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

இன்று அக்கரைப்பற்றில் கல்யாணம். வாப்பா ஆண்கள் பக்கம் எடுத்தார்; பெண்கள் அறைக்குள் நான். போன வருசத்திலிருந்து இப்படித்தான். இருப்பது ஒரே கமரா, அது எங்கள் இருவர் கையிலும் மாறி மாறிப் போகும். நான் உள்ளே போனால் பெண்கள் முக்காட்டைத் தளர்த்திக்கொள்வார்கள். ஜவுபர்ட மகள்தானே, நம்மட புள்ளதானே என்பார்கள். மணப்பெண் ஈரத் தலையோடு மின்விசிறிக்குக் கீழே நின்றாள். முடி முழுக்கக் காற்றில் எழும்பி, தண்ணீருக்குள் நிற்பவள் போல இருந்தாள். அதை எடுத்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

திரும்பி வரும்போது பாலத்தடிச் சோதனைச் சாவடியில் ஓட்டோவை நிறுத்தினார்கள். சீருடைக்காரர் ஒருவர் பையைத் திறந்து கமராவை எடுத்தார். பின்னாலிருக்கும் பொத்தானை அழுத்தினார். படங்கள் வந்தன. முதலில் மாப்பிள்ளை, மௌலவி, சுற்றியிருந்து சாப்பிடும் சகன் தட்டு. பிறகு அந்த அறை.

அவர் மெதுவாக அழுத்தினார். இன்னொருவரைக் கூப்பிட்டார். இரண்டு பேரின் தாடையிலும் கமராவின் நீல வெளிச்சம் விழுந்தது. ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். வாப்பா தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் குடும்பப் படம், குடும்பப் படம் என்று சொல்லிக்கொண்டே நின்றார். ஈரத் தலைப் படத்தில் அவர்கள் கனநேரம் நின்றார்கள்.

நான் அல்லவா அதை எடுத்தேன்?

வரும் வழியில் வாப்பா ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார். "வீட்ட கதைக்க வேணாம் மகள்."

9 பெப்ரவரி

இன்று வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை. கண்ணை மூடினால் அந்தத் தாடைகள்.

20 பெப்ரவரி, வெள்ளி

இரவு சாப்பிடும்போது வாப்பா, "ஸ்பெயார் கமரா ஒண்டு எடுக்கத்தான் வேணும்" என்றார்.

"நாலு வருசமா இதத்தான் சொல்றீங்க" என்றா உம்மா, மீன் ஆணத்தை அவர் பக்கம் நகர்த்தியபடி.

வாப்பா சொன்ன காரணம் எல்லாப் படக்காரரும் சொல்வது. நிக்காஹ் ஒரு தரம்தான் நடக்கும். கமரா நின்றுபோனால் மௌலவியிடம் போய் இன்னொரு தரம் ஓதுங்கள் என்று கேட்க ஏலாது. ஆகவே ஒன்று நின்றால் எடுக்க இன்னொன்று வேண்டும். உம்மாவுக்கு அது போதும். சொல்லாத காரணம் வாப்பாவுக்கும் எனக்கும் தெரியும்: பெண்கள் பக்கத்துக்குத் தனியாக ஒரு கமரா. சாவடியில் யார் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் தெரியக் கூடாத கமரா.

அப்படி ஒரு கமரா உலகத்தில் இருக்கிறதா?

அதே நேரம் பார்த்து றிஸ்லா ராத்தா பொத்துவிலிலிருந்து போன் எடுத்தா. மே மாதம் பத்தாம் திகதி கல்யாணம். மாப்பிள்ளை கட்டாரிலிருந்து வருகிறார். உம்மாவோடு கதைத்துவிட்டு என்னைக் கேட்டா.

"நதீரா, உள்ளுக்கு நீதான் எடுக்கணும். உன்ட வாப்பா, பெரியப்பா, பாத்தாப் பரவாயில்ல. அவரையும் மாப்பிளையையும் விட்டு ஒரு ஆம்பிளையும் என்ட படத்தப் பாக்கப்படாது. ஏலுமெண்டா எடு. ஏலாட்டி இப்பவே சொல்லு, படமே வேணாம்."

நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில்?

றிஸ்லா ராத்தா என் சாச்சியின் மகள். சாச்சி என்றால் உம்மாவின் ஒரே தங்கை, றாபியா. அவர்களுடைய வீடு எங்கள் ஊரின் கடற்கரைப் பக்கம் இருந்தது. கடல் வந்த அன்று சாச்சி போனா, வீடு போனது, வீட்டிலிருந்த படங்கள் எல்லாம் போயின. றிஸ்லா ராத்தாவின் வாப்பா அவளைக் கூட்டிக்கொண்டு தன் ஊரான பொத்துவிலுக்குப் போய்விட்டார்.

போவதற்கு முன் முகாமில் இருந்தபோது யாரோ வெளியூர்க்காரர் வந்து அவளைப் படம் எடுத்தார். தலையில் துணியில்லாமல், வாய் திறந்து அழுகிறாள். அந்தப் படம் பேப்பரில் வந்தது. அடுத்த வருசம் கலண்டரிலும் வந்தது. அக்டோபர் மாதத்துக்கு மேலே றிஸ்லா ராத்தா. பலசரக்குக் கடைகளில் எல்லாம் தொங்கினா.

இந்த உலகத்தில் அவளுடைய படம் என்று இருப்பது அது ஒன்றுதான்.

7 மார்ச், சனி

ஹஸன் காக்கா டோஹாவிலிருந்து கொண்டுவந்த சின்னக் கமராவை விற்கப் போகிறாராம். வாப்பா இரண்டு நாளைக்கு வாங்கி வந்தார். வெள்ளிப் பெட்டி, சவர்க்காரக் கட்டி அளவு. மேலங்கிக்குள் ஒளித்தால் ஒரு கண்ணுக்கும் தெரியாது.

அறையில் ஜன்னலை மூடிவிட்டு உம்மாவை எடுத்துப் பார்த்தேன். உம்மாவின் கண் இரண்டும் சிவந்து கோழி போல வந்தது. உம்மா பார்த்துவிட்டு, "இதாலயா கல்யாணப் பொண்ண எடுக்கப் போறாய்? மாப்பிள பாத்துட்டு அடுத்த பிளேனுக்கே ஏறிருவான்" என்றா. கனநாளைக்குப் பிறகு உம்மா பகிடி விட்டது அப்போதுதான்.

வாப்பா அதை வேண்டாம் என்றதற்குக் காரணம் வேறு. என்னை ஸ்டூடியோப் பக்கம் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "வெளிய தொங்குற கமராவக் கண்டா கமராவப் பத்திக் கேப்பானுகள். ஒளிச்ச கமராவக் கண்டா எங்களப் பத்திக் கேப்பானுகள்."

வடக்கில் சண்டை இறுகிக்கொண்டு வருகிறது. இங்கே சாவடிகளில் இருப்பவர்களின் முகமும் அதோடு இறுகுகிறது. ஒளிக்கிற விளையாட்டுக்கு இது காலம் இல்லை.

15 மார்ச்

கனவில் கடல் ஒரு பெரிய கமராத் திரை மாதிரி நின்றது. யாரோ கரையில் இருந்து பொத்தானை அழுத்த அழுத்த ஒவ்வொரு அலையிலும் ஒரு பெண் வந்து போனாள்.

28 மார்ச், சனி

கொழும்பிலிருந்து இன்னொரு கமரா பற்றிச் செய்தி. எங்களுடைய பெரிய கமரா மாதிரியே, பாவித்தது. வாப்பாவின் மனம் முழுக்க அதில்தான். அதே லென்ஸ் போடும், அதே பற்றரி போடும், அதே காட் போடும். இருட்டிலும் விரல் பொத்தானைத் தேடாது. ஸ்பெயார் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்; எந்தப் படக்காரரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

ஆனால் அதற்கும் பின்பக்கம் ஒரு திரை இருக்கிறது.

"அப்ப ரோல் கமராதான்" என்று நான் சொன்னேன். எப்படிச் சொன்னேனோ. "ரோலுக்குள்ள இரிக்கிறத ஒருத்தராலயும் பாக்க ஏலாதே வாப்பா."

வாப்பா என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் பார்த்தார். ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒரு ரோல் கமரா இருக்கிறது. அது உம்மாவுடையது.

கடல் வருவதற்கு முந்திய காலத்தில் பெண்கள் பக்கம் எடுத்தது உம்மாதான். மூதூர் வரைக்கும் கல்யாணங்களுக்குப் போயிருக்கிறா. இப்போது வீட்டை விட்டு எங்கேயும் போவதில்லை. கடல் தெரிகிற றோட்டில் ஏறவே மாட்டா. அந்தக் கமரா அலுமாரியின் மேல்தட்டில், துணிக்குள், நாலு வருசமாகக் கிடக்கிறது. ஒரு தடவை நான் தொட்டதற்கு, "அத வை" என்று சொன்னா. அவ்வளவுதான். சத்தம் கூடப் போடவில்லை. அதற்குப் பிறகு நான் தொட்டதில்லை.

வாப்பா சொன்ன அடுத்த சிக்கல்: ரோலை யாராவது கழுவ வேண்டும். கலர் ரோல் என்றால் கல்முனை லெப்புக்குப் போக வேண்டும். அங்கே மெசின் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்கிறது. படங்கள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் கிடக்கும். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நானே பார்த்திருக்கிறேன். யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாளை முழுசாகப் பார்த்து முடித்துத்தான் பஸ் ஏறினேன்.

"நான் கொழும்புக்குக் கொண்டு போய்க் குடுப்பன்" என்றார் வாப்பா. "அங்க எங்கள ஒருத்தனுக்கும் தெரியா."

தெரியாத ஆம்பிள்ளை ஆம்பிள்ளை இல்லையா?

11 ஏப்ரல், சனி

டியூஷன் முடிந்து வந்தேன். என் கட்டிலில் உம்மாவின் கமரா.

துணி இல்லை. துடைத்திருந்தது. புது பற்றரி போட்டிருந்தது. தோல்வாருக்கு எண்ணெய் பூசியிருந்தது. உம்மா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. நான் வாசலில் போய் நின்றேன். அவ திரும்பிப் பார்க்கவில்லை.

"லீவர இழுக்கக்குள்ள கடைசி வரைக்கும் இழு. பாதில விடாத" என்று மட்டும் சொன்னா.

இரவு முழுக்க வெறுங் கமராவோடு கிடந்தேன். வலது கண்ணை வைத்தால் அறை சின்னதாகி, தூரமாகி, வேறு யாருடையதோ போல ஆகிறது. ஜன்னல், கொடியில் தொங்கும் பள்ளிக்கூடச் சட்டை, தண்ணீர்க் கிளாஸ். உம்மா இதற்குள்ளிருந்து எத்தனை மணப்பெண்களைப் பார்த்திருப்பா? இந்தக் கண்ணாடியில் அவர்கள் எல்லாம் எங்காவது ஒட்டிக்கொண்டிருப்பார்களா? நானும் ஒரு நாள் இதற்குள் வருவேனா?

வாப்பா கொழும்புக் கமராவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

2 மே, சனி



என் மேசை ஒரு பூட்டிய கதவில் சாய்ந்து நிற்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் இருட்டறை; ஸ்டூடியோப் பக்கமாகவும் அதற்கு ஒரு கதவு உண்டு. அடையாள அட்டைக்குக் கறுப்பு வெள்ளைப் படம்தான் எடுப்பார்கள் என்பதால் எங்கள் ஸ்டூடியோவில் அந்த அறை கனகாலம் இருந்தது. உள்ளே ஒரு சிவப்பு பல்ப், மூன்று தட்டு, ஒரு குழாய். உம்மாதான் கழுவுவா. எங்கள் வீட்டில் யாரும் கதவு தட்டுவதில்லை. உம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவா, வாப்பா செருமுவார். இரவில் கதவு தட்டினால் அது வெளியாள். பெயர் கேட்காமல் திறக்கக் கூடாது. இருட்டறைக் கதவை மட்டும்தான் தட்டித் திறக்க வேண்டும். உள்ளிருந்து உம்மா "பொறு" என்பா. வெளிச்சம் பட்டால் எல்லாம் வீணாகிவிடும்.

கடல் வந்த கிழமை, யாரென்று தெரியாத மையத்துகளை அடக்குவதற்கு முந்தி வாப்பா படம் எடுத்தார். பிறகு சொந்தக்காரர் வந்தால் காட்டுவதற்கு. உம்மா இரவும் பகலும் அவற்றைக் கழுவினா. நான் அப்போது சின்னப் பிள்ளை, கதவுக்கு வெளியே பாயில் கிடந்தேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் வரவில்லை. கனநேரத்துக்குப் பிறகு வாப்பா தட்டினார். உம்மா "பொறு" என்று சொல்லவில்லை.

தட்டில் வந்துகொண்டிருந்த முகம் றாபியா சாச்சி.

அன்றிலிருந்து அந்த அறை பூட்டு. ஆனால் இன்று நான் ஸ்டூடியோப் பக்கக் கதவால் உள்ளே போனேன். வாப்பா கல்முனையில், உம்மா லுஹர் தொழுகையில். சாவி சாமான் பெட்டிக்குள் கிடப்பது எனக்குத் தெரியும். பிஸ்கட் டின்னுக்குள் கறுப்பு வெள்ளை ரோல் ஒன்று, உறை பிரிக்காமல். 2004இல் வாங்கியது. அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கறுப்பு வெள்ளை என்றால் லெப்புக்குப் போக வேண்டாம். வீட்டிலேயே கழுவலாம். யார் கழுவுவது? அது எனக்குத் தெரியாது. தெரியாமலேயே எடுத்துக்கொண்டு வந்தேன். பைத்தியமா எனக்கு?

9 மே, சனி

வாப்பா கலர் ரோலைக் கமராவில் போட்டுத் தந்தார். அறைக்குள் வந்து அதை எடுத்துவிட்டு டின் ரோலைப் போட்டேன். கலர் ரோல் சட்டைப் பைக்குள். வெளியே வெசாக் நிலா, தென்னோலை எல்லாம் வெள்ளி. யா அல்லாஹ்.

11 மே, திங்கள்

முழுவதையும் எழுதுகிறேன்.

நேற்று சுபஹ் தொழுதுவிட்டு வேனில் ஏறினோம். உம்மா வரவில்லை. சொந்தத் தங்கையின் மகள் கல்யாணம், தாயின் இடத்தில் நிற்க வேண்டியவ, வேன் கதவு வரைக்கும் வந்தா. ஒரு கால் படியில் வைத்தா. பிறகு எடுத்துவிட்டா. "படம் வரட்டும், பாப்பன்" என்று என்னிடம் சொன்னா.

திருக்கோவில் தாண்டி, வினாயகபுரம் தாண்டி, கடல் பக்கத்திலேயே வந்தது. காலை வெயிலில் ஒன்றுமே செய்யாதது போல.

றிஸ்லா ராத்தா அறைக்குள் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தா. அவளுடைய மாமி ஸுல்பிகா கதவைச் சாத்தினா. நான் கமராவை எடுத்ததும் ராத்தா வாரைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தா.

"இது பெரியம்மாட கமராதானே?"

"ஓம்."

"ரோலா?"

"ஓம்."

"ஆரு கழுவுற?"

அந்த அறையில் பத்துப் பெண்களாவது இருந்திருப்பார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொய் என்று யோசித்துச் சொல்லவில்லை. அது தானாக வந்தது.

"உம்மா. உம்மாதான் கழுவுவா."

றிஸ்லா ராத்தா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தா. அவளுக்கும் தெரியும், அந்த அறை எப்போது பூட்டப்பட்டது, எந்த முகத்தோடு என்று. பிறகு தலையிலிருந்த துணியை எடுத்து மடியில் வைத்தா.

எடுத்தேன். மருதாணிக் கை. ஈர முடியைத் துவாயால் பிழியும்போது சாய்ந்த கழுத்து. ஸுல்பிகா மாமி கண்ணுக்கு மை போடும்போது திறந்தும் திறக்காமலும் இருந்த வாய். ஜன்னல் சீலைக்குப் பின்னால் வெயில் பால் மாதிரி நின்றது. ஒரு தரம் ராத்தா சிரித்தா. வாய் திறந்து. கலண்டரில் அழுத அதே வாய். லீவரைக் கடைசி வரைக்கும் இழுத்தேன்.

அப்போது கதவுக்கு வெளியே சத்தம். ஸுல்பிகா மாமி போய்க் கேட்டுவிட்டு வந்தா. முகம் கறுத்திருந்தது.

"என்னகா புள்ள செய்ற? உன்ட வாப்பாட கமரா நிண்டு போச்சாம். மௌலவி காத்துக்கிட்டு இரிக்காராம். இந்தக் கமராவக் கேக்காங்க."

ஸ்பெயார் என்று ஒன்றைத் தெரிவு செய்ய மூன்று மாதம் எடுத்தோம். அறையைத் தாண்டக் கூடாத கமராவைத் தெரிவு செய்தோம். அறையைத் தாண்டாத கமரா எப்படி ஸ்பெயார் ஆகும்? எனக்கும் வாப்பாவுக்கும் இது ஒரு நாளும் தோன்றவில்லையே.

"புள்ளட படம் கிடக்கிற கமரா ஆம்பிளயள் பக்கம் போகேலா" என்றா மாமி. கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றா. குடுக்கவும் சொல்கிறா, குடுக்காதே என்றும் சொல்கிறா.

ராத்தா துணியை மறுபடி தலையில் போட்டுக்கொண்டா.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். கமராவின் அடியில் இருக்கும் பொத்தானை அழுத்தி, சின்னக் கைபிடியை விரித்துச் சுற்றினேன். பாதி ரோல்கூட முடியவில்லை. கிறுகிறு என்று சத்தம். பெண்கள் எல்லோரும் மூச்சு விடாமல் அதைக் கேட்டார்கள். சுற்றச் சுற்ற இறுக்கம். பிறகு ஒரு இழுப்பு. பிறகு காற்றுப் போலத் தளர்ந்தது. ரோல் முழுசாக உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். போயிருக்க வேண்டும். பின்கதவைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். நான் பார்த்தால்தான் வெளிச்சம் உள்ளே போகும் என்பதுபோல.

போயிருந்தது. ரோலை எடுத்து ராத்தாவின் கையில் வைத்தேன். சட்டைப் பையிலிருந்த கலர் ரோலைப் போட்டேன். ரோலின் நாக்கு இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம் பிடித்தது. கமராவை மாமியிடம் கொடுத்தேன்.

நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை உள்ளே வந்தபோது என் கையில் கமரா இல்லை. குரவை எழும்பியது. அவர் ராத்தாவுக்கு முன்னால் வந்து நின்று என்ன செய்வது என்று தெரியாமல் மணிக்கூட்டைப் பார்த்தார். ராத்தா குனிந்து சிரித்தா. அதற்குப் படம் இல்லை. என் கண்ணுக்குள் இருக்கிறது. கொஞ்சம் தூரமாக, கொஞ்சம் ஈரமாக.

வெளிக்கிடும்போது ராத்தா உம்மாவுக்கு என்று மஸ்கட் இனிப்புப் பெட்டி ஒன்று தந்தா. "அடியில இரிக்கி" என்றா காதுக்குள்.

சாவடியில் பெரிய கமராவை அழுத்திப் பார்த்தார்கள். அது செத்துக் கிடந்தது. உம்மாவின் கமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். திரை இல்லை. வாப்பா, "ரோல், ரோல்" என்றார். திறந்துவிடுவார்களோ? உள்ளே நிக்காஹ். திறக்கவில்லை. என் மடியிலிருந்த பெட்டியைத் திறந்து இரண்டு துண்டு மஸ்கட் எடுத்து வாயில் போட்டுவிட்டு, கையை அசைத்துப் போகச் சொன்னார்கள்.

கோமாரி தாண்டிய பிறகு வாப்பா கேட்டார். "நான் போட்ட ரோல் முழுசாத்தானே என்ட கைக்கு வந்த. அப்ப உள்ள என்ன ரோல் போட்டிருந்தாய்?"

நான் மடியிலிருந்த மஸ்கட் பெட்டியை இறுக்கிப் பிடித்தேன். எங்கள் வீட்டில் வேறு ரோல் கிடக்கும் இடம் ஒன்றுதான். அவர் மறுபடி கேட்கவில்லை.

14 மே, வியாழன்

ரோல் என் கொம்பாஸ் பெட்டிக்குள். பாகைமானிக்கும் கவராயத்துக்கும் நடுவில் றிஸ்லா ராத்தா நித்திரை கொள்கிறா. ஒருவரும் பார்க்காத சிரிப்போடு. ஐந்து வருசப் பழைய ரோல். உள்ளே ஏதாவது விழுந்திருக்கிறதா, வெறும் புகைதானா? கழுவும் வரை இரண்டும்தான்.

உம்மா கேட்டா: "படம் எப்ப வரும்?" வாப்பா ஆண்கள் பக்கத்து ரோலைக் கொழும்புக்கு அனுப்பியாயிற்று என்றார். "பொண்ணுட படம்?" வாப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

உம்மாவிடம் எப்படிச் சொல்வது? அந்த இருட்டறைத் தட்டில் மறுபடி ஒரு முகத்தைப் பார் என்று எப்படிச் சொல்வது? அதுவும் அவளை. சாச்சியின் நெற்றி, சாச்சியின் மூக்கு.

19 மே, செவ்வாய்

சண்டை முடிந்துவிட்டதாம். றோட்டில் வெடி. கொடி கட்டிய வாகனங்கள். பள்ளிக்கூடம் பாதியில் விட்டார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் ஜன்னலைச் சாத்தினார்கள். தமிழ் ஆட்களின் ஊரான காரைதீவுப் பக்கம் ஒரு கடையும் திறக்கவில்லை என்று வாப்பா வந்து சொன்னார்.

டீவியில் காட்டினார்கள். மணல், தண்ணீர், ஆட்கள் கிடக்கிறார்கள். உம்மா எழும்பி நிறுத்தினா. நின்றுகொண்டே இருந்தா.

"அந்தப் புள்ளயள்ட முகத்த ஆரு எடுத்து வெச்சிருப்பா?" என்றா. எங்களிடம் கேட்டது போல இல்லை.

21 மே

மாட்டிக்கொண்டேன்.

பின்னேரம் பொத்துவிலிலிருந்து போன் வந்தது. உம்மா எடுத்தா. "ஓம் மகள்… ஓம்… நல்லா இரிக்கன்…" பிறகு கேட்டுக்கொண்டே நின்றா. கண் என் பக்கம் வந்தது. கடைசியாக, "ஓம். கழுவுறன்" என்றா.

வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனா. நான் காத்திருந்தேன். ஏசவில்லை. அடிக்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் எனக்கு மீனின் நடுத்துண்டை வைத்தா. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

24 மே, ஞாயிறு

கொம்பாஸ் பெட்டியில் ரோல் இல்லை.

கட்டிலுக்கு அடியில், பையில், சட்டைகளில், எல்லாவற்றிலும் தேடிவிட்டேன். நான் பள்ளிவாசல் மதரசாவுக்குப் போன நேரம் யாரோ எடுத்திருக்கிறார்கள். வாப்பா எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிவிட்டாரா? அப்படியென்றால் ராத்தாவுக்கு நான் என்ன சொல்வேன்? லெப்பில் யாரோ ஒருவன் இப்போது அவளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறானா? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் ஏலாது. யா அல்லாஹ், நான் ஏன் ஓம் சொன்னன், ஆருக்காகச் சொன்னன்—

26 மே, செவ்வாய்

இன்று மூன்று காரியம் நடந்தது. ஒன்றும் விளங்கவில்லை.

வாப்பா மட்டக்களப்புக்குப் போய்வந்தார். பேப்பரில் சுற்றிய பொதி ஒன்றை உம்மாவிடம் கொடுத்தார். உம்மா அதைப் பிரிக்காமலே உள்ளே கொண்டு போனா.

உம்மா என் தலைக்கு எண்ணெய் வைத்தா. விரலில் வினாகிரி மணம். அச்சாறு போட்டீங்களா என்று கேட்டேன். இல்லை என்றா.

இஷாத் தொழுகைக்குப் பிறகு வாப்பா முன்கதவைப் பூட்டிவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டார். யாரையோ உள்ளே விடாமல் காவல் இருப்பவர் போல.

இப்போது வீடு முழுக்க இருட்டு. என் மேசை விளக்கு மட்டும். எங்கேயோ தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. குழாயை யாரோ சரியாகப் பூட்டவில்லை. கடல் இல்லை, குழாய்தான். கொப்பி முடியப் போகிறது. அடுத்த தாளில் இதயத்தின் நான்கு அறைகள் தெரிகின்றன. முட்டிவிட்டோம். நாளைக்கு வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியதுதான். ராத்தாவிடமும்

தட்டுகிறார்கள்.

முன்கதவு இல்லை. என் மேசைக்குப் பின்னாலிருக்கும் கதவு. உள்ளேயிருந்து. மேசை அதிர்கிறது. கதவின் கீழ் இடுக்கில் ஒரு கோடு, சிவப்பாக, என் கால் வரைக்கும்

"நதீரா. லைட்ட நூத்துப்போட்டு மேசைய இழு மகள். றிஸ்லா வாறா."